வரப்பில் ஒரு மல்யுத்தம்

காவிரிப் பாசன வயல்களில் கொக்கையும் மீன்கொத்தியையும் படமெடுக்கப் போகிறவர் கண்ணில் என்றாவது ஒருநாள் இது படும். வரப்போரத்தில் இரண்டு பாம்புகள் கயிறு திரித்ததுபோல் பின்னிக்கொண்டு எழும்பும், சாயும், மறுபடி எழும்பும். "சாரையும் நாகமும் சேர்ந்திருக்கு, கிட்டப் போகாதீங்க தம்பி" என்பார் களை பறிக்கும் அம்மா. சாரை ஆண், நல்ல பாம்பு பெண் என்பது நம் ஊர்களின் பழைய நம்பிக்கை.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய உருண்டைக் கண்கள், உதட்டோரம் கறுப்புக் கோடுகள், வால் பக்கம் கரும்பட்டைகள், படம் விரிக்காத கழுத்து. இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். சாரையும் நல்ல பாம்பும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை, இணைசேர்வதில்லை. நாம் பார்த்தது மல்யுத்தம். எதிராளியின் தலையைத் தரையோடு அழுத்துவதே இதில் வெற்றி. பெரும்பாலும் கடி இருக்காது. தோற்றது விலகிப் போய்விடும். உண்மையான இணைசேர்க்கை தரையோடு தரையாக, சந்தடியில்லாமல் நடக்கும்.

சாரைக்கு இங்கே என்ன வேலை? எலிதான். வரப்பைக் குடைந்து கதிரை அறுக்கும் எலிக்கு உழவர் மூங்கில் கிட்டி வைக்கிறார். 2 மீட்டருக்கு மேலும் வளரும் விஷமில்லாத சாரையோ வளைக்குள்ளேயே புகுந்து பிடிக்கிறது. அதே எலியைத் தேடித்தான் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வருகின்றன. கண்ணாடி விரியன் வைக்கோல் நிறத்தில் அசையாமல் கிடக்கும். குக்கர் ஆவி விடுவதுபோல் சீறும்.

அதனால், வ்யூஃபைண்டரில் கண் வைத்தபடி நடக்காதீர்கள். நின்று எடுங்கள், நடக்கும்போது தரையைப் பாருங்கள். கணுக்கால் மூடிய காலணி போடுங்கள். அதிர்வை உணர்ந்து பாம்பு விலகும்படி அழுத்தி நடங்கள். அந்தி சாய்ந்தால் டார்ச் கட்டாயம். படத்துக்காகக் குச்சியால் சீண்டவே கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக எடுத்துத் தருகிறது.

திரும்பும்போது அந்த அம்மாவிடம் படத்தைக் காட்டுங்கள்; உதட்டுக் கோட்டையும் காட்டுங்கள். அவர் வயலின் எலியைத் தின்பது இதுதான் என்று சொல்லுங்கள். கிட்டப் போகாதீங்க என்று அவர் சொன்னது மட்டும் முழுக்கச் சரி.