ஸ்ரீரங்கத்து ஹேண்டியில் கனடா கேட்குமா?

கையடக்க ஹாம் (அமெச்சூர்) ரேடியோவுக்கு, அதாவது ‘ஹேண்டி’க்கு, முதல் எதிரி பூமியின் வளைவு. அது இயங்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் ஓடும். திருச்சி மலைக்கோட்டை உச்சியில், தரையிலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா நட்டாலும், கணக்குப்படி அதன் தொடுவானம் 37 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தஞ்சாவூர் அதற்கும் அப்பால். ஸ்ரீரங்கத்து வீதிகளில், வீடுகளுக்கு நடுவே நின்று பேசினால் சில கிலோமீட்டர் போவதே பெரிது.

இதே கணக்கைக் கொடைக்கானலின் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போட்டால் விடை 190 கிலோமீட்டருக்கு அருகில் வரும். திருச்சி அந்த வட்டத்துக்குள் அடங்கும். ரிப்பீட்டர் வைக்க ஹாம்கள் மலை தேடிப் போவது இதனால்தான். கீழிருந்து வரும் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் இன்னொன்றில் அனுப்பும் கருவி அது. ஆனால் அதை வைத்தும் சிங்கப்பூர் நண்பரோடு பேச முடியாது. கடல் தாண்ட வேண்டுமானால் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளக் கம்பியே 20 மீட்டர். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதை எங்கே கட்டுவது?

இணையம் நுழைந்தது இந்த இடத்தில். 1997-இல் கனடாவின் டேவிட் கேமரூன், ரேடியோ நிலையங்களை இணையத்தால் கோக்கும் ‘ஐஆர்எல்பி’யைத் தொடங்கினார். 2002-இல் அமெரிக்காவின் ஜோனதன் டெய்லர் அதே வேலைக்கு ‘எக்கோலிங்க்’கை வெளியிட்டார். எக்கோலிங்க்கில் நடப்பது இது: ஊரில் ஒருவர் தம் ரேடியோவைக் கணினியோடு இணைத்து வைத்திருப்பார். நீங்கள் ஹேண்டியின் எண் பொத்தான்களால் தொலைதூர நிலையத்தின் எண்ணை அழுத்துவீர்கள். கணினி அந்த நிலையத்தை இணையத்தில் அழைக்கும். உங்கள் குரல் தரவுப் பொட்டலங்களாகப் போய், அங்கே மறுபடியும் ரேடியோ அலையாக வெளிவரும். வான்கூவரில் நடந்துகொண்டே ஒருவர் தம் ஹேண்டியில் அதைக் கேட்கலாம். பேச்சு சற்றுத் தாமதமாகச் சேரும் என்பதால், பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுவதே மரியாதை. பொறுக்காதவரின் முதல் வார்த்தை காற்றோடு போகும்.

டிஎம்ஆர் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தபின் இந்த ஏற்பாடு இன்னும் சுருங்கிவிட்டது. ராஸ்பெரி பை கணினியோடு சின்ன அட்டை ஒன்றைப் பொருத்தினால் ‘ஹாட்ஸ்பாட்’ தயார். அதன் திறன் சுமார் 10 மில்லிவாட், வீட்டுக்குள் போதும். ஹாட்ஸ்பாட் இணையம் வழியே சேரும் பிராண்ட்மெய்ஸ்டர் வலையமைப்பில் இந்தியாவுக்கான பேச்சுக் குழு எண் 404.

இது ரேடியோவா, தொலைபேசியா என்று மூத்த ஹாம்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, ஹாம் நிலையம் நடத்த அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்; கைகொடுத்தது சிற்றலை. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவைப் புரட்டியபோது மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே படுத்தன. கணினியையும் மோடத்தையும் நம்பும் இணைப்பு நிலையம் அப்படி ஒரு நாளில் என்ன செய்யும்?

முழுக்கப் பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து ஸ்ரீரங்கம் தீவின் இணையம் மட்டும் அறுந்தால், பேட்டரியில் ஓடும் ஹேண்டி தொலைவிலுள்ள ரிப்பீட்டரைத் தொடலாம். அங்கே இணையம் உயிரோடிருந்தால் செய்தி உலகுக்குப் போய்விடும். அறுந்த துண்டை ரேடியோ தாண்டுகிறது, மிச்சத்தை இணையம் பார்த்துக்கொள்கிறது. அதுவும் இல்லாவிட்டால் தாழ்வாகக் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி இருக்கிறது. பகல் வேளையில் அலை செங்குத்தாக மேலே போய் சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இறங்கும்; திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பொருத்தமான தூரம். ஹாட்ஸ்பாட் வாங்கும் காசில் கொஞ்சம் ஒதுக்கி இந்தக் கம்பியையும் வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

உரிமம் இல்லாமல் இதில் எதையும் தொடக் கூடாது. எக்கோலிங்க்கும் உரிமச் சான்றைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும். வணிகப் பேச்சு, பாட்டு ஒலிபரப்புவது இரண்டுக்கும் ஹாம் அலைவரிசையில் இடமில்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு உரிமம் வழங்குகிறது. அதற்கான தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம்.