பத்துக் காசு கேட்ட ஆட்டக்காரர்

என் காலை நிகழ்ச்சியில் தினமும் ஒரு பொது அறிவுக் கேள்வி உண்டு. போன மாதம் ஒரு நாள், "பேஸ்பால் விளையாட்டின் தந்தை யார்?" என்று கேட்டேன். அலெக்சாண்டர் கார்ட்ரைட் என்று விடையையும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

"தம்பி, இந்த விடையை எங்கே எடுத்தீங்க?"

"அமெரிக்காவுல அவருக்குப் பட்டயமே வச்சிருக்காங்க ஐயா."

"பட்டயத்துல போட்டுட்டா சரியாயிடுமா?" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசி முழுக்க நான் 1840களின் நியூயார்க்கில்தான் இருந்தேன்.

நம் பக்கம் பேஸ்பால் ஆடுபவர்கள் குறைவு. ஆனால் பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடியிருப்போம். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு தளமாக ஓட வேண்டும். அதே வகை ஆட்டத்தைத்தான் நியூயார்க்கில் வங்கி எழுத்தர்களும் வணிகர்களும் மருத்துவர்களும் வேலை முடிந்ததும் மன்ஹாட்டனின் காலி மனைகளில் ஆடினார்கள். நகரம் வளர வளர மனைகளில் வீடுகள் எழும்பின. ஆட இடமில்லை. படகேறி ஹட்சன் ஆற்றைக் கடந்து, ஹோபோக்கனில் எலிசியன் ஃபீல்ட்ஸ் என்ற பூங்காவுக்குப் போனார்கள். திடல் வாடகை ஆண்டுக்கு 75 டாலர். யாருக்கும் சம்பளம் இல்லை; எல்லாம் கைக்காசு.

அவர்கள் 1845 செப்டம்பர் 23ஆம் தேதி தொடங்கியதுதான் நிக்கர்பாக்கர் மன்றம். அன்று 20 விதிகளை எழுதி வைத்தார்கள். முதல் விதியே, உறுப்பினர்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்பதுதான். (விடியற்காலை நிலையத்துக்கு ஓடும் எனக்கு இவர்களை உடனே பிடித்துப்போனது.) அதுவரை ஓடுபவரின் உடம்பில் பந்தை எறிந்து அவரை ஆட்டமிழக்கச் செய்வது வழக்கம். அது கூடாது என்றது இன்னொரு விதி. மூன்று பேர் ஆட்டமிழந்தால் அடுத்த அணிக்கு வாய்ப்பு என்பதும் இந்த ஏட்டில் இருக்கிறது.

மறு ஆண்டு ஜூன் 19ஆம் தேதி வேறோர் அணியோடு மோதினார்கள். நாலே சுற்றுகளில் 23க்கு 1 என்ற கணக்கில் படுதோல்வி! அந்த ஆட்டத்தில் கெட்ட வார்த்தை பேசிய ஒருவருக்கு 6 காசு அபராதம் போட்டதையும் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இவர்கள்தான் முதல் மன்றமா? அங்கேதான் சிக்கல். விதி எழுதிய குழுவில் இருந்த வில்லியம் வீட்டன், 1837லேயே காத்தம் என்ற மன்றத்துக்குத் தாம் விதிகள் எழுதியதாகப் பின்னாளில் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். அந்த ஏடு கிடைக்கவில்லை. நிக்கர்பாக்கர் ஏடுகள் இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. ஏடு வைத்திருந்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது.

கார்ட்ரைட்டின் கதையும் அப்படித்தான். மன்றத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 1849இல் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டவர், அங்கிருந்து ஹவாயிக்குப் போய் ஹோனலூலுவின் தீயணைப்புத் தலைவராகிவிட்டார். 1938இல் அவருக்கு வைத்த பட்டயம், தளங்களுக்கு இடையே 90 அடி, 9 சுற்றுகள், 9 ஆட்டக்காரர்கள் ஆகிய மூன்றையும் அவர் கணக்கில் எழுதியது. 1845 ஏட்டில் மூன்றுமே கிடையாது. முதலில் 21 எடுப்பவருக்கு வெற்றி என்றுதான் அதில் இருக்கிறது. 90 அடியும் 9 சுற்றும் 1857இல் மன்றங்கள் கூடிய மாநாட்டில் முடிவானவை. அப்போது கார்ட்ரைட் போய் எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டேனியல் ஆடம்ஸ். ஹார்வர்டில் படித்த மருத்துவர். மன்றம் தொடங்கிய சில வாரங்களில் சேர்ந்து, பலமுறை தலைவராக இருந்தவர். பந்து செய்து தர ஆள் கிடைக்காமல், ரப்பர்த் துண்டுகளின் மேல் நூல் சுற்றித் தோல் தைத்துத் தாமே செய்தார். மற்ற மன்றங்களுக்கும் செய்து கொடுத்தார். பயிற்சிக்கு வராதவர்களைக் கெஞ்சிக் கூட்டி வருவதும் இவர் வேலைதான். அந்தப் பந்து லேசானது, தூரம் போகாது. இடையில் நின்று வாங்கி எறிய ஒருவர் தேவைப்பட்டார். இன்று ஷார்ட்ஸ்டாப் என்று சொல்லும் இடம் அப்படி வந்ததுதான்.

2015 டிசம்பரில் ஆடம்ஸை பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்ப்பதா என்று 16 பேர் வாக்களித்தார்கள். 12 வேண்டும், 10 கிடைத்தது. நான்கே மாதத்தில், 1857 மாநாட்டுக்காக அவர் எழுதிய விதித்தாள்கள் ஏலத்தில் 32 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயின. தாளுக்கு மதிப்பு இருக்கிறது, எழுதியவருக்கு இன்னும் இடமில்லை. எனக்கு ஆத்திரமே வந்தது.

மறு வாரம் வானொலியில் என் விடையைத் திருத்திச் சொன்னேன். நாற்பது விநாடிதான் கிடைத்தது. இன்னொருவரைப் பற்றிப் பேச நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜேம்ஸ் வைட் டேவிஸ், 1850இல் இந்த மன்றத்தில் சேர்ந்தவர். 1893இல், பேஸ்பால் பணம் கொழிக்கும் தொழிலான பிறகு, முதியவரான அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் முதலாளிகளில் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தாம் இறந்ததும் நிக்கர்பாக்கர் கொடியைச் சுற்றிப் புதைக்க வேண்டும், கல்லறைக் கல்லுக்கு ஆட்டக்காரர்கள் தலைக்குப் பத்துக் காசு போட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

1899 ஜனவரியில் ஆடம்ஸ் இறந்தார். அடுத்த மாதம் டேவிஸ். புருக்ளினின் கிரீன்வுட் கல்லறையில் அவரைப் புதைத்தார்கள். கல் வைக்கவில்லை. பேஸ்பால் வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்து கல் நட்டது 2016இல்.