திருச்சி விமான நிலையமும் நம் வணிகமும்

விமான நிலையம் என்றால் பணக்காரர்களும் வெளிநாட்டில் வேலை செய்வோரும் வந்து போகும் இடம், மளிகைக் கடைக்கும் காய்கறி மண்டிக்கும் அங்கே என்ன வேலை என்று எண்ணுவோர் நம்மில் பலர் உண்டு. ஆனால் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள நம்மவர் வீட்டுச் சமையலுக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் திருச்சியிலிருந்து விமானத்தில்தான் போகின்றன. மத்திய மாவட்டங்களின் வணிகர்கள் இந்த நிலையத்தின் வரலாற்றையும் வசதிகளையும் அறிந்துகொள்வது அவசியம் என்பதால் இக்கட்டுரையை வெளியிடுகிறோம்.

தபாலில் தொடங்கிய வரலாறு

திருச்சிக்கு விமானம் வந்ததே சரக்குக்காகத்தான். கராச்சியிலிருந்து சென்னை வரை ஓடிக்கொண்டிருந்த டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் 1938-ல் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை இத்தளத்தைப் பயன்படுத்தியது. விடுதலைக்குப் பின் ஏர் சிலோன் விமானங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே பறந்தன. நின்றுபோன அந்த யாழ்ப்பாணத் தொடர்பு 2025-ல் மீண்டும் உயிர் பெற்றது.

ஏர் ஏசியா நிறுவனம் இந்தியாவில் முதன்முதலாகக் கால் வைத்தது சென்னையிலோ மும்பையிலோ அல்ல, திருச்சியில்தான். 2008 டிசம்பரில் கோலாலம்பூர் சேவையைத் தொடங்கியது. 2009-ல் புதிய முனையம் திறக்கப்பட்டது. அதனால் காலியான பழைய முனையம் வீணாகாமல், 2011-ல் சரக்கு வளாகமாக மாற்றப்பட்டது. வணிகர்களுக்குக் கிடைத்த உண்மையான நன்மை அதுவே. 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை திருச்சிக்குப் பன்னாட்டு விமான நிலையத் தகுதி வழங்கியது.

இப்போதைய வசதிகள்

நகரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், புதுக்கோட்டை சாலையில் நிலையம் இருக்கிறது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டப்பட்ட இரண்டடுக்குப் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜூனில் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளையும், நெரிசல் நேரத்தில் 3,500 பேரையும் கையாளும் வகையில் அமைந்துள்ளது. கோலங்களும் திருவரங்கக் கோபுரத்தின் வண்ணங்களும் கட்டடத்தை அழகு செய்கின்றன.

ஆனால் பயணிகளுக்குக் கிடைத்த இந்த ஏற்றம் சரக்குக்கும் கிடைத்ததா என்பதே நம் கேள்வி.

வயிற்றுப் பகுதியில் போகும் சரக்கு

திருச்சியிலிருந்து போகும் சரக்கு பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான் போகிறது. அங்கே முதல் உரிமை பயணிகளின் பெட்டிகளுக்கு. எஞ்சும் இடமும் எடையுமே நமக்கு. பயணிகள் கூட்டம் அதிகமானால் நம் சரக்கு இறக்கி வைக்கப்படும். பருப்பு மூட்டை ஒரு நாள் காத்திருக்கும். மல்லிகைப் பூ காத்திருக்குமா?

கொரோனா காலம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2020 மார்ச் 23 முதல் வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டு, 2022 மார்ச் 27-ல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் சிறப்பு விமானங்கள் மட்டுமே ஓடின. பயணி இல்லையென்றால் சரக்கும் இல்லை என்ற நிலையை நம் ஏற்றுமதியாளர்கள் நேரில் கண்டார்கள்.

இன்னொரு தடை ஓடுபாதை. அதன் நீளம் சுமார் 2,480 மீட்டர். ஏ-320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்களுக்கு இது போதும். பெரிய விமானம் முழுப் பாரத்துடன் நெடுந்தூரம் கிளம்ப இது போதாது. ஓடுபாதையை நீட்டிக்க நிலம் எடுக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் காய்கறி லாரி ஏறிக் கேரளம் போய், அங்கிருந்து வளைகுடாவுக்குப் பறக்கிறது. விளைச்சல் நம்முடையது, விமான நிலைய வருமானம் அடுத்த மாநிலத்துக்கு!

சிறு வணிகர் அனுப்ப முடியுமா?

முடியும். முதலில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறவேண்டும். பான் எண் இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பெற்ற எண்ணை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதிசெய்யாவிட்டால் அது செயலிழக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காய்கறி, பழம், பூ அனுப்புவோர் அபெடா அமைப்பில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பூச்சி, நோய் இல்லை என்பதற்குப் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியின் சான்றிதழும் தேவை. சுங்க வேலைகளை உரிமம் பெற்ற முகவர் பார்த்துக்கொள்வார்.

கட்டணக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. விமான நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை; பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்க்கும். இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60 x 40 x 40 அளவுள்ள பெட்டிக்குக் கணக்கு 16 கிலோ. அதில் மணப்பாறை முறுக்கு 9 கிலோதான் பிடித்தாலும் 16 கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். அதே பெட்டியில் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் 20 கிலோ அடைத்தால் 20 கிலோவுக்கே கட்டணம். ஆகவே இலேசான பொருளை அனுப்புவோர் பெட்டியின் அளவை முதலில் சரிசெய்ய வேண்டும். விலை சொல்லும்போதும் இந்தக் கணக்கைப் போட்டே சொல்ல வேண்டும்.

அறிமுகமில்லாத வாங்குபவருக்குக் கடனில் சரக்கு அனுப்புவது ஆபத்து. பூவும் காயும் திரும்பி வராது. முன்பணம் பெறுங்கள், இயலாவிட்டால் 1957 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கழகத்தில் காப்புறுதி எடுங்கள். 'குருவி'யாகப் பெட்டி சுமப்பவர்களிடம் சரக்கைக் கொடுத்தனுப்பும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். சுங்கத்தில் சிக்கினால் சரக்கும் போகும், பெயரும் போகும்.

நாம் செய்யவேண்டியது

தனி ஒருவர் 50 கிலோ அனுப்பினால் கிலோவுக்குக் கட்டணம் கூடுதல். எடை கூடக் கூட விகிதம் குறையும். ஒரே ஊர்ச் சங்க உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு முகவர் வழியாக 500 கிலோ அனுப்பினால் அனைவருக்கும் ஆதாயம். மண்டி வைத்திருப்போர், பலகாரக் கடை நடத்துவோர், வாழை வியாபாரிகள் இதை மாவட்டக் கூட்டங்களில் பேசவேண்டும்.

அரசுக்கு நம் கோரிக்கைகள் மூன்று. ஓடுபாதை நீட்டிப்பைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். பூ, காய்கறிகளுக்குப் போதிய குளிர் அறை வசதி வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது சரக்குக்கென்றே தனி விமானம் திருச்சிக்கு வரவேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. விமானம் வந்து நிற்கும் நாளில் ஏற்றிவிடச் சரக்கு நம்மிடம் இருக்கவேண்டும். காலியாகத் திரும்பும் விமானம் மறுமுறை வராது.