கையைக் கொடுத்து உயிர் தப்பும் கடல் பிராணி!
கண் இல்லை; ஆனாலும் பார்க்கும்!

கடலின் அடியில் ஒரு விசித்திரப் பிராணி வாழ்கிறது. அதன் பெயர் "பிரிட்டில் ஸ்டார்". "நொறுங்கும் நட்சத்திரம்" என்று பொருள்.

நடுவில் காசு போல் வட்டமான உடல். அதைச் சுற்றிப் பாம்பு வால் போல் நெளியும் 5 கைகள். மூளை கிடையாது. தின்பதும் கழிப்பதும் ஒரே வாய் வழியாகத்தான்!

மீன் வந்து கையைக் கவ்வினால், கையை முறித்துப் போட்டுவிட்டு ஓடிவிடும். முறிந்த கை கிடந்து துடிக்கும். மீன் அதைத் தின்பதற்குள் இது கல் இடுக்கில் புகுந்துகொள்ளும். பிறகு மெல்ல மெல்லப் புதுக் கை முளைக்கும்.

கண் இல்லாமல் இடுக்கு எப்படித் தெரிகிறது? கரீபியன் கடலில் உள்ள ஓர் இனத்தை ஆராய்ந்தார்கள். அதன் உடல் முழுவதும் வெளிச்சத்தை உணரும் உயிரணுக்கள் இருக்கின்றன. பகலில் அது செம்பழுப்பு நிறம். அப்போது இருண்ட இடத்தைப் பார்த்துப் போகிறது. இரவில் நிறம் வெளிறும், பார்வையும் போய்விடும். நிறம்தான் அதற்குப் பார்வை தருகிறது என்ற இந்த உண்மை 2020-ம் ஆண்டில் வெளியாயிற்று.