கடன் புத்தகமும் சமூக ஊடகமும்

ஜெராய் மலையடிவாரத்தில், அலோர் ஸ்டாருக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையே அமைந்தது குருண். அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்குத் தோட்டத்துக் கடையின் கடன் புத்தகம் பழக்கமான ஒன்று. அரிசி, பருப்பு முதலியவற்றைப் பற்றெழுதி வாங்குவர். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பர். கடைக்காரரின் உண்மையான முதல் பெட்டியிலிருந்த பணமன்று. புத்தகத்தில் பெயர் கொண்டவர்களின் நம்பிக்கையே. இக்காலத்தில் கைப்பேசி வழியே நடைபெறும் சமூக ஊடகத் தொழிலுக்கும் அடிப்படை இதுவே எனலாம். அதனை மெய்ப்பிக்கும் சான்று ஒன்று மலேசிய வாணிக வரலாற்றிலேயே உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2002இல் ஜோனதன் ஆப்ராம்ஸ் என்பவர் ‘பிரெண்ட்ஸ்டர்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நண்பர்களை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் இம்முயற்சி, பேஸ்புக் தோன்றுவதற்கு ஈராண்டு முந்தியது. மக்கள் திரளாக வந்தனர். ஆனால் ஒருவருடைய நண்பர், அந்நண்பரின் நண்பர் எனப் பல படிகளுக்கு உறவுகளைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருந்தமையால், பக்கங்கள் திறக்க நெடுநேரம் ஆயிற்று. குறையை விரைந்து தீர்க்காத நிறுவனத்தை விட்டு அமெரிக்கப் பயனர்கள் வேறிடம் நாடினர். மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளிலேயே அதன் செல்வாக்கு எஞ்சி நின்றது.

2009ஆம் ஆண்டு இறுதியில் மலேசியாவின் எம்.ஓ.எல். குளோபல் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 2011இல் நட்புத்தளம் விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டது. முன்னறிவிப்பும், விரும்பியவர் தம் பதிவுகளை எடுத்துக்கொள்ள வழியும் தரப்பட்டன. எனினும் எடுத்துக்கொள்ளாதவர்களின் படங்களும் கடிதங்களும் அழிக்கப்பட்டன. 2015இல் சேவையும் நின்றது.

இதிலிருந்து பெறத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, கூட்டம் வேறு, வாடிக்கை வேறு. திரண்டு வருவோரைத் தாங்கும் ஆற்றல் இல்லையேல், பெருகிய கூட்டமே நிறுவனத்துக்குச் சுமையாகிவிடும்.

இரண்டாவது, பயனரின் படமும் மடலும் நிறுவனத்தின் சொத்தல்ல, அடைக்கலப் பொருள். நிறுவனம் கைமாறலாம், தொழிலும் மாறலாம். ஆயினும் அடைக்கலப் பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்கும் கடமை மாறாது. தோட்டத்தை விட்டுப் பல ஊர்களுக்குப் பிரிந்த குடும்பத்துக்கு ஒரு திருமணப் படம் எத்தகைய செல்வம் என்பதை நாமறிவோம். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் கூறியதும் இதுவே. இன்று சட்டமும் இந்நெறியை நோக்கி நகர்கிறது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தம் தரவை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித்தரக் கோரும் உரிமையை 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அதனுடன் சேர்த்தது.

மூன்றாவது பாடம் சிறு வணிகருக்கு உரியது. குருணில் முறுக்குச் சுட்டு விற்கும் ஒருவர் தம் வாடிக்கையாளர் அனைவரையும் ஒரு சமூக ஊடகத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பாராயின், அவர் பிறர் நிலத்தில் வீடு கட்டியவரே ஆவார். நிலத்துக்குரியவர் விதியை மாற்றினால், அல்லது கடையையே மூடினால், வாடிக்கையும் உடன் மறையும். ஆகவே வாங்குவோரின் இசைவு பெற்று, அவர்தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமக்கென ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும். அதனைப் பிறர் கைக்குப் போகாமற் காத்தலும் வேண்டும். ஊடகத்தைச் சந்தையாகக் கொள்ளலாம், களஞ்சியமாகக் கொள்ளலாகாது.

கருவி எவ்வளவு புதிதாயினும், அதில் நடைபெறும் வாணிகத்தின் அறம் பழையதே. தோட்டத்துக் கடைக்காரர் தம் கடன் புத்தகத்தை இரவில் பூட்டி வைத்தது வீணன்று.