உங்களுக்குத் தெரியுமா? நெப்போலியன் படையை முதலில் கரைத்தது கோடைக்காலம்!

ரஷ்யக் குளிர்தான் நெப்போலியனைத் தோற்கடித்தது என்று படித்திருப்போம். ஆனால் 1812-இல் அவருடைய முதன்மைப் படையில் ஏறக்குறைய பாதி, ஒரு பனித்துகள் விழுவதற்கு முன்பே குறைந்துவிட்டது!

• ஜூன் 24 அன்று ரஷ்யாவுக்குள் நுழைய நியெமென் ஆற்றைக் கடந்தது படை. கடும் வெயில், திடீர் மழை, சேறு. உணவு வண்டிகள் பின்தங்கின. பச்சைத் தீவனம் தின்ற குதிரைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. குதிரை போனால் பீரங்கியை இழுப்பது யார், ரொட்டியைக் கொண்டுவருவது யார்?

• எதிரியின் குண்டைவிட வயிற்றுப்போக்கும் பேன் பரப்பிய டைஃபஸ் காய்ச்சலும் அதிகம் பேரைக் கொன்றன. பசி தாங்காமல் ஓடிப்போனவர்களும் ஏராளம். வழிநெடுகக் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களாலும் படை மெலிந்தது.

• ரஷ்யர்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். போகும் வழியில் தானியத்தை எரித்தார்கள். செப்டம்பர் 14-இல் மாஸ்கோ கைக்கு வந்தது, ஆனால் நகரம் தீப்பற்றி எரிந்தது. ஜார் அலெக்சாண்டர் சமாதானம் பேசவே இல்லை. அக்டோபர் 19-இல் நெப்போலியன் திரும்பினார். கடும் பனி விழத் தொடங்கியது நவம்பரில்தான். எஞ்சியவர்களை அது வதைத்தது உண்மை.

• குளிர் எல்லாப் படைக்கும் பகை அல்ல. 1237-38 குளிர்காலத்தில் பாது கானின் மங்கோலியர்கள் உறைந்த ஆறுகளையே சாலையாக்கி, ரியாசான், விளாதிமிர் ஆகிய ரஷ்ய நகரங்களை வீழ்த்தினார்கள்.