கொம்பு முன்னே வருவது எப்படி?

கணினித் திரையில் ‘கெ’ என்னும் எழுத்தைக் காண்கிறோம். கொம்பு முன்னே, ககரம் பின்னே. ஆனால் யுனிகோடு முறைப்படி கணினியின் நினைவகத்தில் ககரமே முதலில் இருக்கிறது; கொம்பு அதன் பின்னர்தான். பின்னிருப்பதை முன்னே கொணர்ந்து நிறுத்த ஒரு நிரல் வேண்டும். இவ்வாறு பல மென்பொருள்களுக்கும் பொதுவாய்ப் பயன்படும் நிரல்களின் தொகுதியை நிரலகம் என்பர். அஃது இல்லாவிடின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கெண்டை’ கெண்டையாய் இராது.

சிங்கப்பூரில் தமிழ் கணினியேறிய தொடக்க நாள்களில் இத்தொல்லை இல்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி உருவாக்கிய ‘கணியன்’ போன்றவை எழுத்துருவையே நம்பின. கோப்பில் எந்த வரிசையோ திரையிலும் அதே வரிசை. எழுத்துருவை நிறுவினால் போதும். ஆனால் ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. 1997-இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. பின்னர் யுனிகோடு பரவவே அக்குழப்பம் தணிந்தது. நிரலகத்தின் தேவை பிறந்தது. விண்டோஸில் அப்பணியை ஏற்றது யூனிஸ்கிரைப் என்னும் நிரலகம்.

மென்பொருளைக் கணினியில் அமர்த்தும் ‘நிறுவி’ தனக்கு வேண்டிய நிரலகங்களையும் உடன் கொண்டுவருவதுண்டு. அவற்றை எங்கே வைப்பது? இங்குதான் வழக்கு.

ஒரு கோயில் திருமண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். சமையற்கட்டில் பொது அண்டாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டாரும் புதிதாய் வாங்க வேண்டியதில்லை. இடமும் பணமும் மிச்சம். ஆனால் ஒரு வீட்டார் நல்ல அண்டாவை அகற்றிவிட்டுத் தங்கள் பழைய ஓட்டை அண்டாவை வைத்துப் போனால் அடுத்த முகூர்த்தக்காரர் பாடு என்ன? 1990-களில் விண்டோஸில் நிகழ்ந்தது ஏறக்குறைய இதுவே. நிறுவிகள் தத்தம் நிரலகங்களைப் பொது அடைவில் கொட்டின. புதிய பதிப்பின்மேல் பழையதை எழுதின. நேற்றுவரை ஓடிய, குற்றமேதும் செய்யாத வேறொரு மென்பொருள் முடங்கிற்று. விண்டோஸில் நிரலகக் கோப்புக்கு டிஎல்எல் என்று பெயர். நிரலாளர்கள் இந்நிலையை ‘டிஎல்எல் நரகம்’ என்றே அழைத்தனர்.

பழைய பதிப்பால் தமிழுக்கு என்ன கேடு? சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ஶ’ என்னும் எழுத்து யுனிகோட்டில் சேர்ந்தது 2005-இல். அதற்கு முந்திய நிரலகத்துக்கு அவ்வெழுத்தே தெரியாது. ஶகரத்தால் எழுதிய ‘ஶ்ரீ’ அங்கே கூட்டெழுத்தாய்ச் சேராது சிதறும். தட்டச்சு செய்தவரோ தம் கையில்தான் பிழை என்று மயங்குவார்!

எனவே நல்ல நிறுவி முதலில் பதிப்பெண்ணை ஒப்பிடும். இருப்பது புதிதெனில் தொடாது. மென்பொருளை நீக்கும்போதும், அந்நிரலகத்தை இன்னும் எத்தனை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன என்று கணக்குப் பார்த்த பின்னரே அழிக்கும். நிறுவிகள் எல்லாம் இவ்வொழுக்கத்தைக் காக்கவில்லை. ஆதலால் 2000-இல் வந்த விண்டோஸ் 2000 தன் அமைப்புக் கோப்புகளுக்கே காவல் போட்டது. எவரேனும் மாற்றி எழுதினால் பழையபடி மீட்டு வைக்கும்.

எஞ்சிய வழி, சொந்த அண்டாவைக் கொண்டுபோவது. நிரலகத்தை மென்பொருளின் சொந்த அடைவிலேயே வைத்துவிட்டால் பிறர் கை அதில் படாது. ஒரே நிரலகம் பத்து இடங்களில் படியெடுக்கப்படுவது வீண்தான். ஆயினும் வட்டுகள் பெருத்துவிட்ட இக்காலத்தில் அது பெரிய குறையன்று. லிப்ரே ஆபிஸ் 2017-இல் வெளியான தன் 5.3-ஆம் பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃபஸ் என்னும் நிரலகத்தைக் கொண்டே எழுத்துக்களைக் கோக்கிறது. விண்டோஸின் பதிப்பு எதுவாயினும் அதன் தமிழ் ஒரே சீராய் வருகிறது. தமிழைப் பொறுத்தவரை இம்முறையே மேல் எனலாம்.

இதற்கு விலையும் உண்டு. நிரலகத்தில் பாதுகாப்புக் குறையொன்று வெளிப்பட்டால், பொது அடைவில் இருப்பதை ஒருமுறை மாற்றினால் போதும். தனித்தனியே கொண்டுவந்தவர்களோ ஒவ்வொருவரும் புதிய நிறுவியை வெளியிட வேண்டும். பயனரும் அதை மறவாமல் நிறுவிக்கொள்ள வேண்டும்.